அடியில்லாத பாடம்: 'டிக்' என்ற சத்தத்தால் நாயைப் பழக்குவோம்



எங்களில் பலருடைய வளவில் ஒரு நாய் நிற்கிறது. ஆண் துணை இல்லாத வீட்டில், இரவு நேரத்தில் படலையடியில் யாரும் நின்றால் முதலில் அறிவிப்பது அதுதான். மீள்குடியேறிய கிராமங்களில் வீட்டுக்கு வீடு தூரம். கூப்பிட்டால் கேட்கக்கூடிய அயலவர் இல்லாத இடங்களில் நாயை நம்பித்தான் பிள்ளைகளோடு கண்ணயருகிறோம்.

ஆனால் அந்த நாயோடு நாங்கள் பேசும் பாஷை என்ன? "சீ, அங்கால போ" என்ற அதட்டலும், கையில் அகப்பட்ட தடியும்தான். அடி வாங்கி வளர்ந்த நாய் இரண்டில் ஒன்றாகிவிடும். எல்லோருக்கும் பயந்து ஒளிந்துகொள்ளும், இல்லாவிட்டால் எல்லோரையும் கடிக்கும். இரண்டாலும் எங்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

தடியே இல்லாமல், ஒரு சிறு சத்தத்தையும் ஒரு துண்டு மீனையும் வைத்து நாயைப் பழக்கும் முறை ஒன்று உண்டு. 'கிளிக்கர்' பயிற்சி என்பார்கள். அதற்கு வேண்டிய பொருள் உங்கள் பிள்ளையின் புத்தகப் பையிலேயே இருக்கிறது. இம்முறையை நான் எங்கே அறிந்தேன், எப்படித் தொடங்குவது, எங்கே அவதானமாக இருக்க வேண்டும் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

மிதிவெடி வயலில் கேட்ட சத்தம்

நான் மன்னார் தீவில், பேசாலைப் பக்கம் வசிக்கிறேன். தாய் வழி வயல் பெருநிலத்தில், அடம்பன் பக்கம். யுத்தம் முடிந்த பின்னர், பிள்ளைகளைப் படிப்பிப்பதற்காக மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனேன். என்னைப் போலக் கணவனை இழந்த பெண்கள் பலர் அந்த வேலையில் இருந்தார்கள். முகக் கவசத்தோடு வெயிலில் முழந்தாளில் இருந்து, ஒரு மீற்றர் அகலப் பாதையில் அங்குலம் அங்குலமாக மண்ணைப் பார்க்கும் வேலை. அவசரப்படக்கூடாது, கோபப்படக்கூடாது, சத்தம் போடக்கூடாது. அந்த வேலை எனக்குப் பொறுமையைப் படிப்பித்தது.

எங்கள் அணியில் மிருகங்கள் இருக்கவில்லை. ஆனால் ஒருநாள் வகுப்பில் வீடியோ ஒன்று காட்டினார்கள். ஆபிரிக்காவில் தன்சானியா நாட்டில் மொறகோறோ என்ற நகரம். அங்கே 'அபோபோ' என்ற நிறுவனம் பெரிய எலிகளுக்கு மிதிவெடியை மணந்து பிடிக்கப் பழக்குகிறது. எலி சரியான மணத்தைக் கண்டுபிடித்தவுடன் பயிற்சியாளர் கையில் உள்ள சிறு கருவியை அமத்துகிறார். 'டிக்' என்று ஒரு சத்தம். எலி ஓடிவந்து வாழைப்பழத் துண்டை வாங்கித் தின்கிறது. திரும்பவும் வேலைக்குப் போகிறது. அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. வகுப்பில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிய நான் எங்கள் வீட்டு நாய் மணியை நினைத்தேன்.

அந்த எலிகள் செய்த வேலையைக் கேளுங்கள். அவை பாரம் குறைந்தவை, மிதித்தால் வெடி வெடிக்காது. ஒரு டெனிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணித்தியாலத்தில் மணந்து முடிக்கும். உலோகம் தேடும் கருவியோடு ஒரு மனிதர் அதே நிலத்தைப் பார்க்க நான்கு நாட்கள் வரை செல்லலாம். கருவி ஆணிக்கும் தகரத்துக்கும் கூடச் சத்தம் போடும். எலி வெடிமருந்தின் மணத்துக்கு மட்டுமே நிற்கும். மகாவா என்ற எலி 2016 இல் கம்போடியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்ட மிதிவெடிகளையும் வெடிபொருட்களையும் கண்டுபிடித்தது. 2020 இல் பிரித்தானியாவின் மிருக நலச் சங்கம் ஒன்று அதற்குத் தங்கப் பதக்கம் அணிவித்தது. 2021 இல் ஓய்வுபெற்று, 2022 தையில் அது இறந்தது.

மிதிவெடி தேடும் நாய்களும் பல நாடுகளில் வேலை செய்கின்றன. இலங்கை இராணுவமும் அவற்றைப் பயன்படுத்தியது. அந்த நாய் வெடிமருந்து மணத்தைக் கண்டால் கிண்டாது, குரைக்காது. அப்படியே இருந்துவிடும். ஏன் இருக்கிறது? இருந்தால் தனக்குப் பந்தோ தீனோ கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். அடிக்குப் பயந்த நாயை இந்த வேலைக்கு விட முடியாது. பயந்த நாய் ஒழிக்கப் பார்க்கும், அல்லது அடியிலிருந்து தப்புவதற்காக இல்லாத இடத்திலும் இருந்து காட்டும். அதை நம்பி நடப்பவரின் கால்தான் போகும்.

சத்தத்துக்குள் என்ன இருக்கிறது?

ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்து 1904 இல் நோபல் பரிசு பெற்றவர். தீன் வரும் முன் ஒரு சத்தம் கேட்டுப் பழகிய நாய்க்கு, பின்னர் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே வாயூறுகிறது என்று அவர் கண்டார். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தால் எங்களுக்குப் பசித்தது போலத்தான்.

பின்னர் அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற பேராசிரியர், ஒரு செயலைச் செய்தவுடன் நல்லது கிடைத்தால் அந்தச் செயல் திரும்பத் திரும்ப வரும் என்று விளக்கினார். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிறெலன்ட் தம்பதியர் 1940களில் நாய், கோழி, பன்றி எனப் பலவற்றையும் இவ்வழியில் பழக்கினார்கள். கேரன் பிறையர் என்ற பெண்மணி 1963 முதல் ஹவாய்த் தீவில் ஓங்கல் எனப்படும் டொல்பின்களுக்குப் பயிற்சியளித்தவர். எங்கள் கடலில் ஓங்கலைக் கண்ட சகோதரிகளுக்குத் தெரியும், அதைத் தடியால் அடித்துப் பழக்க முடியாது. முகம் கோணினால் ஆழத்துக்குப் போய்விடும். எனவே அவர் விசில் ஊதி மீன் கொடுத்தார். தாம் கற்றதை 1984 இல் ஒரு நூலாக எழுதினார். 1990களில் இந்த முறை நாய் வளர்ப்போரிடையே பரவியது.

வாயால் "நல்ல பிள்ளை" என்று சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் குரல் ஒருநாள் போல் மறுநாள் இருப்பதில்லை. களைப்பும் கவலையும் கோபமும் அதில் கலந்துவிடும். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் நாய் எழும்பி வேறு வேலை பார்க்கும். 'டிக்' சத்தம் எப்போதும் ஒரே மாதிரி. கண் இமைக்கும் நேரத்தில் முடியும். "இப்போது செய்தாயே, அதுதான் சரி. தீன் வருகிறது" என்பதே அதன் பொருள்.

தேவையான பொருட்கள்

கிளிக்கர் என்ற கருவி கொழும்புக் கடைகளில் கிடைக்கும். எங்களுக்கு அது வேண்டாம். அமத்தினால் 'டிக்' என்று சத்தமிடும் பேனை ஒன்று போதும். ஜாம் போத்தலின் தகர மூடியின் நடுப்பகுதியை விரலால் அமத்தினாலும் அதே சத்தம் வரும். கூர்மையில்லாத மூடியாகப் பாருங்கள். எதை எடுத்தாலும் அதையே தொடர்ந்து பாவியுங்கள். பயிற்சிக்கு எடுத்த பேனையைப் பிள்ளைகள் சும்மா அமத்தி விளையாட விடாதீர்கள்.

தீன்: சூடை, கீரி போன்ற மலிந்த மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, சின்னிவிரல் நகமளவு துண்டுகளாக்குங்கள். ஒரு மீனில் இருபது துண்டு வரும். அவித்த முட்டை, பாண் துண்டு, ரஸ்க் என்பனவும் சரி. உப்புக் கருவாடு வேண்டாம், உப்பு நாய்க்குக் கூடாது. வெங்காயம், சொக்லேட் அறவே கொடுக்கக்கூடாது. இது மேலதிகச் செலவல்ல. நாய்க்கு எப்படியும் போடும் சாப்பாட்டில் ஒரு பங்கை வேலை வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம்.

முதல் வாரம்

ஒன்று: சத்தத்துக்குப் பொருள் கொடுத்தல். சாப்பாட்டுக்கு முன், நாய் பசியோடு நிற்கும்போது தொடங்குங்கள். 'டிக்'. உடனே ஒரு துண்டு. நாய் எதையும் செய்யத் தேவையில்லை. பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்து நிறுத்துங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டு நாளில் சத்தம் கேட்டதும் நாய் உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கும். அதுவே அடையாளம். நாயின் காதடியில் அமத்தாதீர்கள். வெடிச் சத்தத்துக்கும் இடிக்கும் நடுங்கும் நாயென்றால் பேனையைத் துணியில் சுற்றி அமத்துங்கள்.

இரண்டு: இருக்கப் பழக்குதல். பிட்டத்தைப் பிடித்து அழுத்தாதீர்கள். பேசாமல் நில்லுங்கள். நாய் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும், சிறிது நேரத்தில் தானாக இருக்கும். பின்பக்கம் நிலத்தில் பட்ட அந்தக் கணத்தில் 'டிக்', துண்டு. துண்டைச் சற்றுத் தள்ளிப் போட்டால் எழும்பி வரும். திரும்ப இருக்கும்வரை காத்திருங்கள். உங்களைப் பார்த்தவுடன் தானாக வந்து இருக்கத் தொடங்கிய பின்னரே "இரு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். செயல் முதலில், சொல் பிறகு.

மூன்று: சாக்கில் படுக்கப் பழக்குதல். ஆட்கள் வரும்போது மேலே பாயும் நாய்க்கு இது நல்ல பாடம். விறாந்தை மூலையில் ஒரு சாக்கை விரியுங்கள். நாய் சாக்கைப் பார்த்தால் 'டிக்'. அடுத்து, அதன் பக்கம் ஓர் அடி வைத்தால் 'டிக்'. பிறகு ஒரு கால் சாக்கில் பட்டால், பிறகு நான்கு கால்களும், பிறகு படுத்தால். ஒரு படி நன்றாக வந்த பிறகே அடுத்த படி. நாய் குழம்பினால் நாங்கள் அவசரப்பட்டிருக்கிறோம் என்று பொருள். ஒரு படி பின்னே போங்கள்.

சில விதிகளை மறக்கக்கூடாது. ஒரு 'டிக்' என்றால் ஒரு துண்டு கட்டாயம், ஏமாற்றக்கூடாது. சத்தம் முதலில், கை அசைவது பிறகு. ஒரு நேரத்தில் மூன்று, ஐந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். பிழையாகச் செய்தால் அடியும் இல்லை, ஏச்சும் இல்லை, துண்டு மட்டும் கிடைக்காது. பாடம் நன்றாகப் பதிந்த பின்னர் பேனை தேவையில்லை. ஒரு நல்ல சொல்லும், இடைக்கிடை ஒரு துண்டும் போதும்.

"வா" என்ற பாடம்

எல்லாவற்றிலும் முக்கியமான பாடம் இது. எங்கள் மாவட்டத்தில் இது உயிர் காக்கும் பாடம் என்று சொன்னாலும் மிகையில்லை.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 மார்கழியில் சேர்ந்தது. 2028 ஆனி மாதத்துக்குள் அகற்றி முடிக்க வேண்டும் என்பது காலக்கெடு. வடக்கில் பெருமளவு நிலம் துப்புரவாகிவிட்டது. ஆனாலும் சிவப்புத் தடியும் மண்டையோட்டுப் பலகையும் உள்ள இடம் எதுவானாலும் அது அபாயமான இடமே. விறகுக்கும் ஆட்டுக்கும் போகும்போது நாயும் கூட வரும். முயலைக் கண்டால் பலகையைத் தாண்டி ஓடும். அப்போது "மணி, மணி" என்று கத்திக்கொண்டு பின்னாலே ஓடுவது யார்? நாங்கள், அல்லது எங்கள் பிள்ளைகள். நாய்க்காக வைக்கும் ஓர் அடியில் ஒரு கால் போய்விடலாம்.

ஆகவே நாய் எங்களிடம் வர வேண்டும், நாங்கள் அதனிடம் போகக்கூடாது. இதைப் பழக்க ஒரு தகரக் கோப்பையையும் கரண்டியையும் எடுங்கள். இதன் சத்தம் தூரத்துக்குக் கேட்கும், எங்கள் குரலில் உள்ள பதற்றமும் அதில் இராது. வளவுக்குள் நாய் ஐந்து அடி தூரத்தில் நிற்கும்போது மூன்று தரம் தட்டுங்கள். உங்கள் பக்கம் திரும்பி அடி எடுத்து வைத்ததும் 'டிக்'. காலடிக்கு வந்ததும் ஒன்றல்ல, நாலைந்து துண்டுகள். நாளுக்குப் பத்துத் தடவை. பிறகு பத்து அடி, வளவின் மறு மூலை, படலைக்கு வெளியே, கடற்கரை. ஒவ்வொரு இடத்திலும் முதலில் கிட்ட இருந்து தொடங்குங்கள்.

தட்டிக் கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் ஏசவோ கட்டிப்போடவோ கூடாது. பிந்தி வந்தாலும் துண்டு கொடுக்க வேண்டும். "போனால் அடி விழும்" என்று ஒருமுறை பட்ட நாய் அடுத்த முறை வராது. பிள்ளைகளும் அப்படித்தானே.

எவ்வளவு பழக்கினாலும் பலகை உள்ள இடத்துக்கு நாயைக் கொண்டு போகாமல் விடுவதே முதல் பாதுகாப்பு. போக நேர்ந்தால் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். நாய் உள்ளே போய்விட்டால் பாதையில் நின்றே தட்டுங்கள். காயப்பட்டுக் கத்தினாலும் உள்ளே இறங்காதீர்கள். கிராம சேவையாளருக்கோ, 119 இல் பொலிசுக்கோ அறிவியுங்கள். வீட்டு நாயை வெடி தேடப் பழக்கலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். அது பல மாதப் பயிற்சியும் பரீட்சையும் பெற்ற மிருகங்களின் வேலை.

நாயென்றால் பயமா?

இறுதி யுத்த காலத்தில், கைவிடப்பட்ட நாய்கள் திரிந்த கோலத்தைக் கண்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இன்றும் நாயைக் கண்டால் நெஞ்சு படபடக்கும். என் அயலிலுள்ள ஓர் அக்காவும் அப்படித்தான். ஆனால் அவர் தனியே இருக்கிறார், காவலுக்கு நாய் தேவை. அவரிடம் நான் சொன்னது இதுதான்: "அக்கா, தொட வேண்டாம். கிடுகு வேலிக்கு அங்கால நில்லுங்கோ. டிக் எண்டு அமத்திப்போட்டு, துண்டை எறியுங்கோ."

இந்த முறையின் பெரிய நன்மை இதுவே. நாயைப் பிடிக்காமலே, கயிறு போடாமலே, தூர நின்று பழக்கலாம். முதல் கிழமை அவர் கை நடுங்கியது. எறிந்த துண்டு பாதித் தூரம் கூடப் போகவில்லை. மூன்றாம் கிழமை அவருடைய நாய் வேலிக்கு அங்கால் இருந்துகொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தது. "இது என்னட்டை அனுமதி கேக்குது" என்றார். இன்றும் அவர் நாயைத் தடவமாட்டார். கோப்பையில் தட்டினால் அது வருகிறது, "இரு" என்றால் இருக்கிறது. பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு என்ன செய்யலாம் என்று அவருக்கு ஒரு வழி தெரிகிறது.

நாயும் அதே மாதிரித்தான். வாலைக் கால்களுக்கிடையில் வைத்து ஒதுங்கும் நாயைக் கிட்ட இழுக்காதீர்கள். தூர நின்று துண்டை எறிந்து, அது தானாக நெருங்கும் ஒவ்வோர் அடிக்கும் 'டிக்' கொடுங்கள். உறுமும் நாயை உறுமியதற்காக அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும்.

கடிக்கும் விசருக்கும் அவதானம்

பழகிய நாயும் நாய்தான். சாப்பிடும் நாயிடமும், குட்டி போட்ட நாயிடமும் பிள்ளைகளை விடாதீர்கள். தெரியாத நாய் வந்தால் ஓடாமல், கையைக் கீழே விட்டு மரம்போல் நிற்கச் சொல்லிக் கொடுங்கள். சிறு பிள்ளைகள் பயிற்சி கொடுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நாய் கடித்தால், கீறினால், அல்லது காயத்தில் நக்கினால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ பூசாமல், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்ப முடியாது. நேரத்தோடு ஊசி போட்டால் நோயைத் தடுக்கலாம். நாய்க்கு வருடம் ஒருமுறை விசர்த் தடுப்பூசி போடுவியுங்கள். இதை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாளைக் கேட்டறியுங்கள். நாயைக் கோப்பையில் தட்டி அழைத்து, "இரு" என்று இருத்தப் பழக்கியிருந்தால் ஊசி போடும் நாளில் நாலு பேர் சேர்ந்து அமத்திப் பிடிக்கும் பாடு குறையும்.

அயலில் சிலர் சிரிப்பார்கள். "மனுசருக்கே படிப்பில்லை, நாய்க்கு வாத்தியாரோ" என்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஒழுங்கையில் இப்போது ஐந்து வீடுகளில் தகரக் கோப்பைச் சத்தம் கேட்கிறது. நாய்க்குக் கல்லெறிந்து திரிந்த பையன்களே இப்போது "நான் பழக்குறன்" என்று பேனையோடு வருகிறார்கள். கல் எறிந்த கையால் மீன் துண்டு எறியும்போது அந்தப் பிள்ளை தன் நாய் எப்போது சரியாகச் செய்யும் என்று கவனித்துப் பார்க்கிறான். பிழையைத் தேடித் திரிந்த கண்கள் சரியைத் தேடத் தொடங்குகின்றன.

நாளை மீன் வெட்டும்போது ஒரு சூடையை உப்புப் போடாமல் தனியே அவித்து வையுங்கள். பிள்ளையிடம் ஒரு பழைய பேனையைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்து துண்டு, பதினைந்து 'டிக்', ஐந்து நிமிடம். முதல் நாளுக்கு அவ்வளவு போதும்.